டொமினிக்கன் வீட்டு வருமானமும் ஆஸ்திரேலிய வீட்டு வருமானமும்: இந்த ஒப்பீடு சரிதானா?

இன்வுட்வாசி

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே எழுதினால் விவரம் தெரிந்தவர்கள் யாராவது பேசுவீர்கள் என்று வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்கள் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு பட்டியலைப் போட்டார். அமெரிக்காவில் வாழ்கிறவர்களை வம்சாவளிவாரியாகப் பிரித்து, ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு எவ்வளவு வருமானம் என்று மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தது. உச்சியில் இந்தியர்கள், எல்லோருக்கும் பெருமை. முதல் வரிசைகளிலேயே ஆஸ்திரேலியர்களும் இருந்தார்கள். விரலால் தள்ளிக்கொண்டே போனால் அடிப்பக்கத்தில் டொமினிக்கர்கள், அதாவது கரீபியன் கடலில் இருக்கும் டொமினிக்கன் குடியரசின் வம்சாவளியினர். உடனே ஒருவர், உழைக்கிறவன் மேலே இருக்கிறான், அரசாங்கப் பணத்தில் சாப்பிடுகிறவன் கீழே இருக்கிறான், இதில் பேச என்ன இருக்கிறது என்று எழுதினார். பத்துப் பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. நான் மன்ஹாட்டனின் வடகோடியில், இன்வுட்டில் 11 வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் பாதிக்கு மேல் டொமினிக்கன் குடும்பங்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு அறுபது வயது ஆகப்போகிறது, முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் ஹோம் அட்டெண்டன்ட் வேலை. விடியற்காலை நாலே முக்காலுக்கு அவர் வீட்டுப் பூட்டுச் சத்தம் கேட்கும், பனி கொட்டுகிற நாளிலும் கேட்கும். கீழே இருக்கும் போதேகாவை, அதாவது தெருமுனை மளிகைக் கடையை, அண்ணன் தம்பி இரண்டு பேர் மாறி மாறி நடத்துகிறார்கள், காலை ஆறு மணிக்குத் திறந்தால் நள்ளிரவு தாண்டித்தான் ஷட்டர் இறங்கும். இவர்களைப் பார்த்து உழைக்கவில்லை என்று சொல்ல எப்படி மனம் வரும்?

ஆனால் பட்டியலில் இருக்கும் எண்ணும் பொய்யில்லையே. அதுதான் என் குழப்பம். இந்த இரண்டு சமூகங்களின் பொருளாதார நிலையை நேர்மையாக ஒப்பிடுவதென்றால் எப்படி ஒப்பிட வேண்டும்?

புள்ளிக்கணக்கு

எண்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். கோவிட்டுக்கு முந்தைய கடைசி வருடம் என்பதால் 2019-ஐ எடுத்துக்கொள்கிறேன். அந்த வருடம் அமெரிக்க வீடுகளின் இடைநிலை வருமானம் 65,700 டாலர். அதாவது வீடுகளை வரிசையாக நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம். டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஒருவர் குடும்பத் தலைவராக இருக்கும் வீடுகளை மட்டும் வரிசையில் நிறுத்தினால் நடு வீட்டுக்கு ஏறக்குறைய 48,000. ஆஸ்திரேலியக் குடும்பங்கள் நாட்டின் நடுவைவிட நன்றாகவே மேலே. இந்த இடைவெளி நிஜம், அதை மறுத்துப் பேசினால் உங்கள் குழுவில் எடுபடாது.

ஆனால் அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சென்சஸ் படிவத்தில் ஹிஸ்பானிக் மக்களுக்கு, அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினருக்கு, தனிக் கேள்வி இருக்கிறது. அதில் டொமினிக்கன் என்று எழுதிவிடலாம், தாத்தா பாட்டி காலத்தில் வந்த பேரப்பிள்ளையும் எழுதுவான். ஆஸ்திரேலியன் என்பதற்கு அப்படிக் கேள்வி கிடையாது. உன் வம்சாவளி என்ன என்ற பொதுக் கேள்விக்கு ஒருவர் தானாக எழுதினால்தான் உண்டு. பெர்த்தில் பிறந்தவருடைய தாத்தா அயர்லாந்துக்காரர் என்றால் அவர் ஐரிஷ் என்று எழுதிவிட்டுப் போகலாம். அவருக்கு டெக்சஸில் பிறந்த குழந்தை அமெரிக்கன் என்று எழுதிவிடும். ஆகவே ஆஸ்திரேலியப் பெட்டியில் இருப்பவர்களில் கணிசமானோர் சமீபத்தில் வேலைக்கு வந்த, வேலை செய்யும் வயதில் இருக்கும் ஆட்கள்.

அளவையும் பாருங்கள். அமெரிக்காவில் வாழும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள் ஒரு லட்சத்தை ஒட்டி. டொமினிக்கன் வம்சாவளியினர் 20 லட்சத்துக்கு மேல். ஒன்று வேலைக்கு வந்த கூட்டம், இன்னொன்று கைக்குழந்தை முதல் தொண்ணூறு வயதுப் பாட்டி வரை எல்லோரும் இருக்கும் முழு சமூகம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கும்போதே கோளாறு தொடங்கிவிடுகிறது.

வீட்டு வருமானம் என்ற அளவுகோலிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பேர் சம்பாதிக்கும் வீடும், ஒரு தாய் தனியாகச் சம்பாதித்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் வீடும் கணக்கில் ஒவ்வொரு வீடுதான். டொமினிக்கன் குடும்பங்களில் இரண்டாவது வகை நிறைய. போதாததற்கு, அவர்களில் பாதிக்கு மேல் நியூயார்க், நியூ ஜெர்சி மாநிலங்களில்தான் வாழ்கிறார்கள். அங்கே 48,000 டாலருக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

சிட்னிப்பெண்

புள்ளிக்கணக்கு சொன்னதை வாசித்தபோது எனக்கு என்னுடைய கதையே ஞாபகம் வந்தது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து நாலு வயதில் சிட்னிக்குப் போனவள். வெண்ட்வொர்த்வில்லில் வளர்ந்து, அங்கேயே படித்து, 2016-இல் நியூயோர்க்குக்கு வேலைக்கு வந்தேன். வந்தது இ-3 விசாவில். இந்த விசாவைப் பற்றித் தெரியாமல் அவுஸ்திரேலியர்களின் வருமானத்தைப் பற்றிக் கதைக்க ஏலாது, அதனால் வடிவாகவே சொல்லுகிறேன்.

2004-இல் அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் செய்தன. அடுத்த வருடம் அமெரிக்க நாடாளுமன்றம் அவுஸ்திரேலியக் குடிமக்களுக்கு மட்டும் என்று இந்த விசாவை உண்டாக்கியது. வருடத்துக்கு 10,500 இடம். ஒரு வருடத்திலும் அது நிரம்பியதில்லை. எச்1பி மாதிரி 85,000 இடத்துக்குக் குலுக்கல் இல்லை. வேலை கொடுப்பவர் தொழில் துறையில் ஒரு விண்ணப்பம் போட்டு அனுமதி எடுத்தால் போதும், நாங்கள் அந்தக் கடிதத்தோடு தூதரகத்துக்குப் போவோம், நேர்முகம் முடிந்து சில நாளில் விசா கையில். இரண்டு வருடம், பிறகு எத்தனை தரமும் புதுப்பிக்கலாம். கணவனோ மனைவியோ கூட வந்தால் அவரும் வேலை செய்யலாம். ஒரே ஒரு முக்கிய நிபந்தனை, பட்டப்படிப்போ அதற்குச் சமமான தகுதியோ தேவைப்படும் தொழிலாக இருக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பட்டதாரிகளாகவும், வேலை ஏற்கெனவே கையில் இருப்பவர்களாகவும், துணைவருக்கும் வேலை அனுமதி உள்ளவர்களாகவும் பார்த்து ஒரு நாட்டிலிருந்து ஆட்களை எடுத்துவிட்டு, இவர்களுக்கு ஏன் வருமானம் அதிகம் என்று கேட்டால் என்ன பதில் சொல்லுவது?

சிட்னியில் என்னோடு படித்தவர்களில் தச்சு வேலை, மின்சார வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கடையில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் இங்கே இல்லை. வரத் தேவையும் இல்லை. 2025 ஜூலையில் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 அவுஸ்திரேலிய டொலர் ஆனது. இங்கே மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சம் 2009-இலிருந்து 7.25 அமெரிக்க டொலரிலேயே நிற்கிறது. கடையில் நிற்கும் ஒருவர் அதை விட்டுவிட்டு இதற்கு ஏன் வருவார்?

இன்னுமொரு விஷயம். பிறந்த நாட்டை வைத்து எண்ணும் கணக்கில் நான் அவுஸ்திரேலியர் இல்லை, இலங்கையர். என்னோடு வேலை செய்யும் ஒருவர் சென்னையில் பிறந்து மெல்பேர்னில் குடியுரிமை எடுத்தவர். இ-3 அவருக்கு உடனே கிடைத்தது. ஆனால் கிரீன் கார்டு வரிசையை அமெரிக்கா கடவுச்சீட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை, பிறந்த நாட்டைப் பார்த்துத்தான். அதனால் அவர் இந்திய வரிசையில்தான் நிற்கிறார், எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

கோவில்பட்டிக்காரன்

எல்லாம் சரி, ஆனால் நான் வேறு மாதிரி யோசிக்கிறேன், கோபப்படாதீர்கள். டொமினிக்கர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. அறுபது வருடமாக வந்துகொண்டிருக்கிறார்கள். நம் ஆட்களில் பலர் எட்டு டாலரோடு விமானம் ஏறியவர்கள், ஒரே அறையில் ஆறு பேர் படுத்து, சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். வாசலில் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது முதல் பத்து வருடத்துக்குச் சரி. அதற்குப் பிறகும் அதையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் முன்னேற்றத்துக்கு ஒரு சமூகத்தின் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாதா? என் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர், எனக்கு யாரும் வாசல் திறந்து வைக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இன்வுட்வாசி

கோவில்பட்டி அண்ணே, இதில் கோபத்துக்கு ஒன்றுமில்லை, உங்கள் அப்பாவின் உழைப்பைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆனால் எட்டு டாலர் கதையில் ஒன்று விட்டுப்போகிறது. சட்டைப்பையில் எட்டு டாலர் இருந்தது, பெட்டிக்குள் பொறியியல் சான்றிதழோ மருத்துவச் சான்றிதழோ இருந்தது. இங்கே இருக்கும் இந்தியாவில் பிறந்த பெரியவர்களில் முக்கால்வாசிக்கு மேல் பட்டதாரிகள். ஊரில் அந்தக் கணக்கு அப்படியா? தீப்பெட்டி ஆபீஸிலிருந்து நீங்கள் ஒருவர் வந்தீர்கள், உங்களோடு அந்தத் தெருவே வரவில்லையே.

டொமினிக்கர்கள் வந்த விதம் வேறு. ட்ருஹியோ என்ற சர்வாதிகாரி 1930 முதல் 31 வருடம் அந்த நாட்டைக் கையில் வைத்திருந்தான். சாதாரண ஆள் பாஸ்போர்ட் வாங்கி வெளியே போவதே கஷ்டம். 1961 மே 30 அன்று அவனைச் சுட்டுக் கொன்றார்கள். 1962 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து 1963-இல் பதவிக்கு வந்த ஹுவான் போஷ் ஆட்சியை ஏழே மாதத்தில் ராணுவம் கவிழ்த்தது. 1965 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது, அமெரிக்கா 20,000-க்கு மேல் படை வீரர்களை இறக்கியது. கொந்தளிப்பு அடங்கட்டும் என்று விசாக்களையும் தாராளமாகக் கொடுத்தார்கள். அதே 1965 அக்டோபரில் புதிய குடியேற்றச் சட்டம் வந்தது, குடும்பத்தைச் சேர்ப்பதுதான் அதன் முதுகெலும்பு. அண்ணன் வந்தான், தங்கைக்கு மனு போட்டான், தங்கை அம்மாவைக் கூப்பிட்டாள். இன்றைக்கும் கிரீன் கார்டு வாங்கும் டொமினிக்கர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடும்பத் தொடர்பில்தான் வாங்குகிறார்கள். அதில் யாரும் பட்டம் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆகவே ஊரில் இருக்கும் எல்லா விதமான மக்களும் வந்தார்கள்.

வந்த நேரமும் பாருங்கள். 1950-இல் நியூயார்க் நகரத்தில் ஏறக்குறைய 10 லட்சம் தொழிற்சாலை வேலைகள் இருந்தன. இத்தாலியர்களும் யூதர்களும் தையல் ஆலையில் மெஷின் ஓட்டியே பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய காலம் அது. டொமினிக்கன் பெண்கள் எழுபதுகளில் அந்த மெஷின்களில் உட்காரும்போது ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. 1975-இல் நகரமே திவாலாகும் நிலைக்குப் போனது. 2000-க்குள் அந்த 10 லட்சத்தில் கால்வாசிகூட மிஞ்சவில்லை. ஏணியில் கால் வைக்கிற நேரத்தில் நடுப்படிகளை உருவிவிட்டார்கள். அப்புறம் மிச்சம் இருந்தது டாக்ஸி, போதேகா, கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பர் வேலை, முடிதிருத்தும் நிலையம், முதியோர் பராமரிப்பு. அந்த வேலைகளைத்தான் செய்கிறார்கள்.

பிராங்ஸ் டீச்சர்

நான் பிராங்ஸில் ஒரு அரசுப் பள்ளியில் 14 வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் எந்த வருடமும் பாதிப் பேராவது டொமினிக்கன் பிள்ளைகள். கோவில்பட்டி சார் கேட்ட கேள்விக்கு, அறுபது வருடம் ஆகிவிட்டதே என்பதற்கு, நான் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அறுபது வருடம் என்பது சமூகத்துக்கு. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது நான்கு வருடம். போன செப்டம்பரில் சாண்டியாகோவிலிருந்து வந்தவனும் இருக்கிறான். முதல் தலைமுறை ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்துகொண்டே இருப்பதால், எல்லோரையும் சேர்த்து எடுக்கும் சராசரி எப்போதுமே பின்னுக்கு இழுக்கும். முன்னேறியவன் முன்னேறியது அதில் தெரியாது. இங்கே பிறந்த டொமினிக்கன் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் பட்டம் வாங்குகிறவர்கள் பெற்றோர் தலைமுறையைவிட மிக அதிகம். அதுவும் பெண் பிள்ளைகள். எங்கள் பள்ளியில் படித்த பெண்கள் மூன்று பேர் இப்போது நர்ஸ், ஒருத்தி எனக்கே சக ஆசிரியை. பையன்கள் பின்தங்குவது எனக்குத் தீராத கவலை. பதினாறு வயதில் மாமாவின் சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி அடுக்கப் போகிறான், கையில் காசு வருகிறது, காலை முதல் பாட வேளைக்கு வர முடிவதில்லை. அவனைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வேன், ராத்திரி பதினொன்று வரை வேலை பார்த்தவன் அவன்.

இவர்களுக்கு இருக்கும் பெரிய ஏணி நகரப் பல்கலைக்கழகம்தான், கியூனி. நான்கு வருடக் கல்லூரிக்கு நியூயார்க் வாசிகளுக்கு வருடக் கட்டணம் 6,930 டாலர், அதையும் பலருக்கு அரசு உதவித்தொகை அடைத்துவிடும். 138-ஆம் தெருவில் இருக்கும் சிட்டி காலேஜில் 1992 முதல் டொமினிக்கன் ஆய்வு நிறுவனமே இயங்குகிறது. என் மாணவர்களை வருடத்துக்கு ஒருமுறை அங்கே கூட்டிப்போவேன். தங்கள் ஊரைப் பற்றி ஒரு நூலகமே இருக்கிறது என்று பார்க்கும்போது அந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து நடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியப் பிள்ளை ஒன்றும் என் வகுப்புக்கு இதுவரை வந்ததில்லை. அவர்கள் வேறு பேட்டைகளில் இருக்கிறார்கள், வேறு பள்ளிகளுக்குப் போகிறார்கள்.

சிட்னிப்பெண்

டீச்சர், வாசிக்கச் சந்தோசமாக இருந்தது.

எங்கட ஆட்களைப் பற்றியும் ஒரு பழைய கதை சொல்லவேணும். 1849-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் சிட்னியிலிருந்தும் தாஸ்மேனியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார்கள். அவர்களில் பலர் முன்னாள் கைதிகள். அங்கே அவர்களுக்கு வைத்த பெயர் சிட்னி வாத்துகள். ஊரில் தீப்பிடித்தால் அவர்கள்தான் வைத்தார்கள், களவு போனால் அவர்கள்தான் எடுத்தார்கள் என்று பேச்சு. 1851-இல் ஊர்க்காரர் கண்காணிப்புக் குழு என்று ஒன்றை அமைத்து, சிலரைப் பிடித்துத் தூக்கிலேயே போட்டார்கள். அதே நாட்டு ஆட்கள்தான். அப்போது படிப்பைப் பார்த்து யாரும் வடிகட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வருடம் ஒரு வருமானப் பட்டியல் போட்டிருந்தால் அவுஸ்திரேலியர் எங்கே இருந்திருப்பார்கள்?

இன்னொன்றையும் நான் கனகாலமாக யோசிக்கிறேன். வருமானத்தில் நான் மேலே, சரி. பாதுகாப்பில்? என் வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை எடுக்கவேணும், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போகவேணும். இந்த விசாவில் இருந்துகொண்டு நானாக ஒரு கோப்பிக் கடை திறந்து அதில் நின்று வேலை செய்ய எனக்கு உரிமை இல்லை. மன்ஹாட்டனில் நோலிட்டாப் பக்கம் குட்டி அவுஸ்திரேலியா என்று சொல்லும் அளவுக்கு எங்கட கோப்பிக் கடைகள் இருக்கின்றன. அதைத் திறந்தவர்கள் வேறு வழியில் உரிமை எடுத்தவர்கள். அண்ணாவின் கட்டடத்துக்குக் கீழே போதேகா வைத்திருக்கும் சகோதரர்கள் குடும்ப வழியில் வந்திருந்தால், இறங்கிய நாளிலேயே கையில் கிரீன் கார்டு. எந்த வேலையும் செய்யலாம், கடை திறக்கலாம், ஐந்து வருடத்தில் குடியுரிமை கேட்கலாம், வாக்குப் போடலாம். எனக்கு இத்தனை வருடமாகியும் அந்த உரிமை இல்லை.

ஆனால் நான் விழுந்தால் விழுகிற இடம் மெத்தை. அதையும் மறைக்காமல் சொல்லவேணும். சிட்னியில் அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர் இருக்கு, ஓய்வூதியச் சேமிப்பு சூப்பர் இருக்கு, அப்பா அம்மாவின் வீடு இருக்கு. கோவிட் வந்தபோது தெரிந்தவர்களில் பாதிப் பேர் விமானம் ஏறிவிட்டார்கள். பல்கலைக்கழகக் கடன்கூட அங்கே வட்டிக் கடையில் வாங்கிய கடன் மாதிரிக் கழுத்தை நெரிக்காது, வருமானத்துக்கு ஏற்றபடிதான் கட்டுவோம். 2017-இலிருந்து வெளிநாட்டில் இருந்தாலும் கட்டவேணும் என்று ஆக்கிவிட்டார்கள், அது நியாயம்தான்.

இன்வுட்வாசி

தங்கச்சி, நீங்கள் வாக்குரிமை பற்றிச் சொன்னது எங்கள் பேட்டையில் கண்கூடு. 1991-இல் கியேர்மோ லினாரெஸ் நகர சபைக்கு ஜெயித்தார், அந்தச் சபையில் முதல் டொமினிக்கர். 2016-இல் அட்ரியானோ எஸ்பையாட் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே ஜெயித்தார். சின்ன வயதில் குடும்பத்தோடு சுற்றுலா விசாவில் வந்து, விசா முடிந்த பிறகும் இங்கேயே தங்கி, பிறகு கிரீன் கார்டு வாங்கிய மனிதர் அவர். இதனால் வருமானப் பட்டியலில் ஒரு டாலர்கூட ஏறாது. ஆனால் பக்கத்துப் பேட்டையான வாஷிங்டன் ஹைட்ஸிலும் இன்வுட்டிலும் வாடகைக் கட்டுப்பாட்டு வீடுகள் ஏராளம், 2019-இல் மாநிலச் சட்டம் அந்த வாடகைக்காரர்களின் கையை நன்றாக வலுப்படுத்தியது. அதற்காகக் கூட்டம் கூட்டமாக மாநிலத் தலைநகர் அல்பனிக்கு பஸ் ஏறியவர்களில் என் எதிர்வீட்டு அம்மாவும் ஒருவர். 30 வருடமாக அதே வீட்டில், என் வாடகையில் பாதிகூடக் கொடுக்காமல் இருக்கிறார். 48,000 டாலரில் நியூயார்க்கில் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த வாடகைதான்.

கோவில்பட்டிக்காரன்

டீச்சர் சொன்னது எனக்குப் பதில்தான், புதிதாக வருகிறவர்கள் சராசரியை இழுப்பார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. சிட்னி வாத்து கதையும் தெரியாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. அவர்கள் சம்பாதிப்பதில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்கிறார்கள். அப்படி அனுப்பினால் இங்கே வீடு, சேமிப்பு எப்படி வரும்? என் மைத்துனன் குவைத்தில் 20 வருடம் இருந்தான், எல்லாவற்றையும் அனுப்பினான், திரும்பி வரும்போது கையில் ஒன்றுமில்லை. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

புள்ளிக்கணக்கு

அனுப்புகிறார்கள், உண்மை. 2021-லிருந்து டொமினிக்கன் குடியரசுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணம் வருடத்துக்கு 1,000 கோடி டாலரைத் தாண்டிக்கொண்டிருக்கிறது, அதில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து. அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 2003-இல் அங்கே பனிந்தேர் என்ற பெரிய வங்கி மோசடியில் கவிழ்ந்து, பெசோவின் மதிப்பு பாதிக்கும் கீழே போனபோது பல குடும்பங்களைத் தாங்கியது இந்தப் பணம்தான். ஆஸ்திரேலியர்களுக்கு இந்தச் சுமை அனேகமாக இல்லை. அங்கே அப்பா அம்மாவுக்கு மாதம் 200 டாலர் அனுப்பாவிட்டால் மருந்து வாங்க முடியாது என்ற நிலை கிடையாது. ஆகவே வருமானத்தை ஒப்பிடும்போது, ஒரு சம்பளத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், அதில் எத்தனை பேர் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். சென்சஸ் அதைக் கேட்பதே இல்லை.

உங்கள் மைத்துனர் கவலை நியாயமானது. ஆனால் குவைத்தில் அவர் என்றைக்கும் தற்காலிகம், இங்கே இவர்கள் நிரந்தரம். அதனால் அனுப்புவதும் உண்டு, இங்கேயே முதல் போடுவதும் உண்டு. நியூயார்க்கின் தனிச் சூப்பர்மார்க்கெட்டுகளில் கணிசமானவை இன்றைக்கு டொமினிக்கர்கள் கையில். சி-டவுன், பிராவோ, அசோசியேட்டட் என்று பலகை தொங்கும் கடைகளில் உள்ளே போய் முதலாளி எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். புவேர்ட்டோ ரிக்கர்களிடமிருந்து ஒவ்வொரு போதேகாவாக வாங்கி, அதிலிருந்து பெரிய கடைக்கு ஏறியவர்கள் அவர்கள்.

இன்வுட்வாசி

அந்த முதல் எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்கிறேன், கோவில்பட்டி அண்ணனுக்கு இது பிடிக்கும். சீட்டு. நம்ம ஊர் சீட்டேதான். அவர்கள் அதைச் சான் என்கிறார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாரம் இவ்வளவு என்று போடுவார்கள், ஒருவர் முறைக்கு மொத்தப் பணமும் அவருக்கு. தள்ளுக்கழிவு கிடையாது, ஏலம் கிடையாது, முறை வரிசைதான். எதிர்வீட்டு அம்மாதான் எங்கள் கட்டடத்தில் சீட்டு நடத்துகிறார். என்னையும் ஒரு கை சேர்த்துக்கொண்டார். வங்கியில் கடன் வரலாறு இல்லாத ஆள் கடைக்கு முன்பணம் கட்டியது இதில்தான், ஊரில் கூரைக்குக் கான்கிரீட் போட்டதும் இதில்தான். இந்தப் பணம் எந்தச் சொத்துக் கணக்கிலும் வராது.

அப்புறம், நேற்று ஒன்று நடந்தது. இந்த இழையைப் பற்றி அந்த அம்மாவிடம் சொன்னேன். ஆஸ்திரேலியர்கள் நம்மைவிட அதிகம் சம்பாதிக்கிறார்களாம் என்றேன். அப்படியா, நல்லது, அவர்கள் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய்த் தன் சம்பளச் சீட்டை எடுத்து வந்தார், கணக்குச் சரியா பார் தம்பி என்று. வாரத்துக்கு மூன்று நாள் 24 மணி நேர ஷிஃப்ட். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டியோடு இரவெல்லாம் இருக்கிறார், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சீட்டில் ஒரு ஷிஃப்டுக்கு 13 மணி நேரம் என்றுதான் இருக்கிறது. நான் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். ஏஜென்சிக்காரர்கள் சட்டமே அப்படித்தான் என்கிறார்களாம். இது நிஜமா? யாருக்காவது தெரியுமா?

புள்ளிக்கணக்கு

நிஜம்தான், பாதி நிஜம். நியூயார்க் மாநிலத்தில் 24 மணி நேர ஷிஃப்டில் தூக்கத்துக்கு 8 மணி, சாப்பாட்டுக்கு 3 மணி கழித்து 13 மணிக்குச் சம்பளம் தரலாம் என்று விதி. 2019-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே விதியில் நிபந்தனை இருக்கிறது. அந்த 8 மணியில் 5 மணி நேரமாவது இடையில் எழுப்பாமல் தூங்க விட்டிருக்க வேண்டும், சாப்பாட்டு நேரமும் உண்மையிலேயே வேலையில்லாத நேரமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்டிப் போட்டால் அந்த 5 மணி எங்கே கிடைக்கும்? அப்படிக் கிடைக்காத இரவுக்கு அந்த 8 மணிக்கும் சம்பளம் தந்தாக வேண்டும், சாப்பாட்டு நேரம் கிடைக்கவில்லை என்றால் அந்த 3 மணிக்கும்.

2025-இல் நகரத்தில் இந்த வேலைக்குக் குறைந்தபட்சம் மணிக்கு 19.10 டாலர். இரண்டுமே கிடைக்கவில்லை என்றால் ஒரு ஷிஃப்டுக்கு 11 மணி, வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட், நீங்களே பெருக்கிப் பாருங்கள், வாரத்துக்கு 630 டாலர் வருகிறது, ஓவர்டைம் சேர்க்காமலே.

அந்த அம்மாவிடம் இன்றிரவிலிருந்தே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எழுந்தார், எதற்கு எழுந்தார், எத்தனை மணிக்குத் திரும்பப் படுத்தார். ஸ்பானிஷிலேயே எழுதட்டும். பழைய சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போட வேண்டாம், ஆறு வருடம் வரைக்கும் பின்னோக்கிக் கேட்கலாம். தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கக் காசு தேவையில்லை. படிவம் நிரப்பும்போது சொல்லுங்கள், நான் சனிக்கிழமை ஒரு ரயில் தொலைவில்தான் இருப்பேன், வருகிறேன்.